யாரும் எடுக்காத போன்

ஒரே வீட்டில் மாடியில் ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக இருந்துகொண்டு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? ஒரே கேட், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டது யார், நிறுத்தப்போவது யார் என்பதைக்கூட நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நடு ஆள் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். கீழே இருந்தவளுக்குப் புருஷன், மேலே இருந்தவளுக்கு அண்ணன். எப்பேர்ப்பட்ட ஃபிரிட்ஜையும் பிரித்து மேயத் தெரிந்த மனுஷனுக்கு, இந்த இரண்டு பேரையும் எந்தப் பக்கம் தொடுவது என்றே தெரியவில்லை.

கீழே இருந்தவள் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியை. தெருவே அவளைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். மேலே இருந்தவள் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு அதிகாரி. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். நாற்பது வயதாகியும் சின்னவள்தான். அண்ணி, நாத்தனார் என்றால் ஏதோ ஒட்டாத உறவு என்று நினைப்பவர்கள் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி லீவு போடுவாள்.

அப்படி இருந்தவர்களைப் பிரித்தது இரண்டு பிள்ளைகள். பெரிய டீச்சரின் பள்ளியில் படித்த அக்காவும் தங்கையும். தலை வாராமல், நேற்றைய சட்டையோடு வருவார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாராவது வந்து அவளிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று பெரிய டீச்சர் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். போனை வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஜீப் வந்தது, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பகத்தில் விட்டார்கள். குழந்தைகள் நலக் குழு கூடி, விசாரித்து, திருப்பி அனுப்பப் பத்துப் பதினைந்து நாளாகிவிட்டது. வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா ஊரை விட்டே போய்விட்டாள். எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது.

ஜீப் வந்த அன்று ராத்திரியே, விருந்தாளிகள் நாலு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான் பெரிய டீச்சர் வாயை விட்டாள்.

"வந்து பேசுங்கன்னுதானே சொன்னேன். தூக்கிட்டுப் போகச் சொன்னேனா? நீ அதிகாரியா, பிள்ளை பிடிக்கிறவளா?"

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அதோடு சரி. இப்போது அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வேன் வருகிறது. பெரிய டீச்சருக்கு இதைச் சொன்னதும் மெக்கானிக்தான்.

"போறான்னா போகட்டும்," என்றாள் பெரிய டீச்சர். சொன்னாளே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

*

இந்த லட்சணத்தில்தான் அந்தப் பயிற்சி வந்தது. பள்ளிக்கூடங்களை நடத்துகிறவர்களும் குழந்தைகள் நல அலுவலகங்களை நடத்துகிறவர்களும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் ஒரே பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களாம். அதனால் இரண்டு துறைக்கும் சேர்த்துத் தலைமைப் பயிற்சி. ஒரு பள்ளி ஆளும் ஒரு அலுவலக ஆளும் ஜோடி. ஒரு வாரம் இவர் நாற்காலியில் அவர், அவர் நாற்காலியில் இவர்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒல்லியான மனிதர், பேசும்போது மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். ஜோடிகளைப் படித்துக்கொண்டே வந்தவர் பெரிய டீச்சரையும் சின்னவளையும் எழுப்பி நிறுத்தினார்.

"உங்க ரெண்டு பேர் விலாசமும் ஒண்ணா இருந்துச்சு. போக வர சௌகரியமா இருக்கும்னு நானே சேர்த்துட்டேன்," என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

"ஆமா, ரொம்ப சௌகரியம்," என்றாள் பெரிய டீச்சர், சுவரைப் பார்த்து.

"மேடம் சொல்றது சரி," என்றாள் சின்னவள், வேறொரு சுவரைப் பார்த்து. பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி பழகிய இரண்டு பேர், ஒருவரை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டது அன்றுதான்.

பயிற்சிக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வாரம் முழுக்க, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். உத்தரவு கூடாது, யோசனை சொல்லக்கூடாது, குறை சொல்லவே கூடாது. கேட்கலாம், கேட்டதற்கு வந்த பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி வரை உத்தரவு போட்டே பழகிய பெரிய டீச்சருக்கு, வாயில் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருந்தது.

*

அந்த வாரம் பூரா விட்டு விட்டு மழை. குழந்தைகள் நல அலுவலகத்தின் வாசலில் நனைந்த குடைகள் சாய்ந்து கிடந்தன. உள்ளே ஒரு நீளமான அறை, நாலு மேசை, இரும்பு அலமாரிகள். மூலையில் ஒரு சின்னக் கட்டில், அதன்மேல் ஒரு கண் மட்டும் இருந்த துணிக் கரடி. ஃபினாயில் வாசமும் டீ வாசமும் கலந்து அடித்தது. பெரிய டீச்சர் இந்த இடத்தைப் பற்றி ஆறு மாதமாகத் திட்டியிருக்கிறாளே ஒழிய, ஒரு தடவைகூட உள்ளே வந்து பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, கோபத்தையும் மீறி ஒரு ஆர்வம் வந்தது. அது என்ன, இது எதற்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கத்தானே அனுமதி.

வாசலை ஒட்டின மேசையில் போன் எடுக்கிற அம்மா இருந்தாள். எல்லாருக்கும் அவள் போன் அக்கா. வாயில் எப்போதும் பாக்கு, கையில் எப்போதும் பின்னல் ஊசி. அவள் மேசையில் ஒரு சிவப்பு போன்.

"அந்தக் கட்டில் யாருக்கு?" என்று கேட்டாள் பெரிய டீச்சர்.

"வர்ற பிள்ளைங்களுக்குத்தான் டீச்சர். காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் படுத்திருக்கும்."

"அழுமா?"

"சிலது அழும். சிலது கரடியோட கண்ணு எங்கன்னு கேட்கும். நம்ம மேடம்தான் பக்கத்துல உக்காந்து கதை சொல்லுவாங்க. அந்தக் கண்ணு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருக்குன்னு ஒரு கதை. எனக்கே மனப்பாடம்."

பெரிய டீச்சர் அந்தக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் முற்பகலில் எங்கோ ஒரு போன் அடித்தது. சிவப்பு போன் இல்லை. பூட்டின உள் அறைக்குள்ளிருந்து வந்தது சத்தம். அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. போன் அக்கா பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போன் அடிக்குதே, யாரும் எடுக்க மாட்டீங்களா?"

"அது பிள்ளைங்க வீட்டுக்குப் போய் விசாரிக்கிறவங்க போன் டீச்சர். அவங்க மேசையில இருக்கு. காலையில எல்லாரும் வீடு வீடாப் போயிடுவாங்க, அறையைப் பூட்டிடுவோம். மத்தியானம்தான் திரும்பி வருவாங்க."

"மத்தியானம் வந்து எடுப்பாங்களா?"

"மத்தியானம் எங்க அடிக்குது. அது காலையிலதான் அடிக்கும்."

"ஏன் அப்படி?"

"அது யாருக்குத் தெரியும். அதுக்கு அப்படி ஒரு பழக்கம்."

ஏன் என்று பெரிய டீச்சருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்து, வராத பிள்ளை யார், வாடி வந்த பிள்ளை யார் என்று பார்த்து முடிப்பது முற்பகலில்தான். உடனே போனை எடுப்பார்கள். அவளும் எத்தனையோ வருடமாக அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்து, அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் இன்னொரு எண்ணுக்குப் போட ஆரம்பித்தாள். அதை மட்டும் உடனே எடுப்பார்கள். நல்ல எண் என்று பள்ளியில் எல்லாருக்கும் அதையே சொல்லியும் கொடுத்திருந்தாள். 'அந்த போனைத் தூக்கி வெளியே வைத்தால்தான் என்ன, கை வலிக்குமா' என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அது யோசனை. விழுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக் கேட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். சின்னவள் குடையை மடக்கினாள். அவள் சேலையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் பெரிய டீச்சர். கேள்விதானே, கேட்கலாம்.

"இருந்துச்சு," என்று மாடியேறினாள் சின்னவள். ஆறு மாதத்தில் அதுவே பெரிய பேச்சு. ஜன்னலில் நின்று பார்த்த மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

*

நாலாம் நாள். மழை வலுத்திருந்தது. போன் அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சிவப்பு போன் அடித்தது. அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க... எந்த ஸ்கூல்... பிள்ளை எந்த வகுப்பு?"

கேட்டுக்கொண்டே இடது கையால் மேசைக்கு அடியில் இருந்த பொத்தானை அழுத்தினாள். பின்பக்கம் மணி அடித்தது. ஜீப்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சாவியோடு ஓடி வந்தார்.

"எந்த ஸ்கூல்?" என்று கேட்டாள் பெரிய டீச்சர்.

போன் அக்கா போனை வைத்துவிட்டுச் சங்கடமாகப் பார்த்தாள். "உங்க ஸ்கூல்தான் டீச்சர். கணக்கு சார் பேசினார். மூணாவது படிக்கிற பொண்ணாம். தினம் கிளாஸ்ல தூங்குதாம். யாராவது வந்து விசாரிச்சா தேவலைன்னு சொன்னார்."

பெரிய டீச்சருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. அப்பா கிடையாது.

"விசாரிக்கத்தானே சொன்னார். ஜீப் எதுக்கு?"

"இந்த போன் அடிச்சா ஜீப் கிளம்பணும் டீச்சர். இது பிள்ளை உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் போடற நம்பர்."

"போய்?"

"அதிகாரி பிள்ளையைப் பாக்கணும். பாத்து, வீட்டுலயே இருக்கலாம்னு அவங்க சொன்னாதான் விடுவோம். அதிகாரி இல்லைன்னா பேச்சே கிடையாது, அன்னைக்கு ராத்திரி பிள்ளை வீட்டுல தூங்கக்கூடாது. நேரா காப்பகம்தான். உள்ள போயிட்டா அப்புறம் குழு கூடித்தான் வெளிய விட முடியும்."

"இன்னைக்கு அதிகாரி யாரு?"

போன் அக்கா எதிரே கண்ணைக் காட்டினாள். அதிகாரியின் நாற்காலியில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தாள், கேள்வி கேட்க மட்டும் அனுமதியோடு.

பெரிய டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கப் பயமாகவும் இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஆறு மாசம் முன்னாடி, அக்கா தங்கச்சி ரெண்டு பிள்ளைங்க வந்துச்சே. அன்னைக்கு உங்க மேடம் எங்க இருந்தாங்க?"

"அன்னைக்கா? வெளியூர் கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க டீச்சர். அவங்க திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்தக் குழு முன்னாடி தினம் போய் நின்னாங்களே, ரெண்டையும் வெளிய கொண்டுவர. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்."

வெளியே ஜீப் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பெரிய டீச்சர் எதிரே இருந்த சாதாரண போனை இழுத்துத் தன் பள்ளிக்கே போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தது சின்னவள்.

"நான்தான்," என்றாள் பெரிய டீச்சர். "அந்தப் பிள்ளை எங்க இருக்கு?"

"என் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. பிஸ்கட் திங்குது. கணக்கு சார் இப்பதான் சாதாரணமாச் சொன்னார், போன் போட்டுட்டேன்னு. எந்த நம்பருக்குன்னு கேட்டேன். எனக்கு உசிரே போயிடுச்சு. உங்க ஆளுங்க ஏன் அந்த நம்பருக்குப் போடறாங்க?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏன்?"

"இன்னொரு நம்பரை யாருமே எடுக்கறதில்ல."

"எடுக்காம எப்படி? அதுக்குன்னு மூணு பேர் இருக்காங்களே."

"காலையில அந்த ரூம் பூட்டியிருக்கு. நாங்க காலையிலதான் போடுவோம். ரெண்டு நாளா நானே உக்காந்து கேட்டுட்டு இருக்கேன், அடிச்சு அடிச்சு நிக்குது."

அந்தப் பக்கம் பிள்ளை பிஸ்கட் உறையைக் கசக்குவது மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியாது அண்ணி," என்றாள் சின்னவள். அண்ணி என்ற வார்த்தை தானாக வந்து விழுந்தது. "நானும் காலையில வெளியதான் இருப்பேன்."

"இப்ப ஜீப் வருதே, என்ன பண்றது?"

"போன் அக்காகிட்டச் சொல்லுங்க, நான் என் வேலைக்குத் திரும்பிட்டேன்னு. பயிற்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஜீப்பு இங்க வரட்டும், அதுலயே பிள்ளையோட வீட்டுக்குப் போறேன். நீங்களும் ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க. அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டா பயம் வரும், உங்களைத்தான் தெரியும்."

*

ஒரே அறை வீடு. கூரையிலிருந்து ஒழுகின இடத்தில் வாளி வைத்திருந்தது. பிள்ளையின் சீருடைகள் கொடியில் வரிசையாகக் காய்ந்தன. ஆஸ்பத்திரிச் சலவையில் அடிப்பது போலவே வெளுத்திருந்தன. ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அம்மா, கதவைத் திறந்ததும் ஜீப்பைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர், என் பொண்ணைப் பிடிச்சுட்டுப் போகவா வந்திருக்காங்க?"

"இல்லம்மா. இவ என் நாத்தனார். எங்க வீட்டுப் பொண்ணுதான்," என்றாள் பெரிய டீச்சர்.

சின்னவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு பிள்ளையிடம் திரும்பினாள்.

"ராத்திரி தூங்காம என்ன பண்ணுவே?"

"அம்மா வர்ற சத்தம் கேட்கணும். அதுக்கு முழிச்சிருப்பேன்."

"அம்மா விடியறப்பதானே வருவாங்க?"

"ஆமா. ஆனா சீக்கிரம் வந்துட்டா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அறையில் குடியிருந்த தையல்காரி, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள், ராத்திரியில் பிள்ளை தன்னோடு படுக்கட்டுமே, தன் பெண்ணும் மூணாவதுதான், இதைக் கேட்க இவளுக்கு என்ன கூச்சம் என்று சடசடவென்று பொரிந்து தள்ளினாள். பகலுக்கு வேலையை மாற்றித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் தானே பேசுவதாகச் சின்னவள் சொன்னாள். வாரம் ஒருமுறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும் என்றும் சொன்னாள். வீட்டிலேயே இருக்கலாம் என்று ஜீப்காரரிடம் சொன்னபோது, அவரே ஒரு பெருமூச்சு விட்டார். பிள்ளை அன்றைக்குக் காப்பகத்தில் இல்லை, தையல்காரியின் பெண்ணோடு ஒட்டிப் படுத்துத் தூங்கியது.

*

சாயங்காலம் மழை விட்டிருந்தது. சின்னவள் மாடிக்குப் போகாமல் நேராகக் கீழ்வீட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். பெரிய டீச்சர் ரொட்டியைச் சுட்டு அடுக்கினாள், முட்டையை உடைத்து ஊற்றினாள். எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் கேட்க முடியும் போலிருந்தது.

"அந்த ரெண்டு பிள்ளைங்களை ஜீப்புல ஏத்தினது நான் போட்ட நம்பர்தான். இல்லையா?"

"ஆமா அண்ணி."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே. வந்து பேசத்தானே சொன்னேன்னு நீங்க கத்தினீங்க பாருங்க, அப்பதான் புரிஞ்சுது, அது என்ன நம்பர்னு உங்களுக்குத் தெரியலைன்னு. மறுநாளே எல்லா ஸ்கூலுக்கும் பொதுவா ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."

படிக்கவில்லை. யாருடைய கையெழுத்து என்று பார்த்ததும் கோப்பில் தள்ளிவிட்டாள்.

"நாலு பேர் நடுவுல பிள்ளை பிடிக்கிறவன்னு சொன்னேனேடி. நான் வெளியூர்ல இருந்தேன், உங்க போன்தான் காரணம்னு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக்கூடாதா? ஆறு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு ஏன் கிடந்தே?"

சின்னவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

"சொல்லியிருந்தா அதுக்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும் நீங்க போனையே தொட மாட்டீங்க அண்ணி. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? வாடிப்போன பிள்ளைங்களை முதல்ல பாக்கறது நீங்கதான். நீங்களும் பயந்துட்டா, எங்களுக்கு யார் சொல்லுவாங்க?"

பெரிய டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தாள். முட்டை கருகியது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. சின்னவள்தான் எட்டி அணைத்தாள்.

"நான் சொன்னது தப்பு."

"தப்புதான்," என்றாள் சின்னவள். "ரொம்ப வலிச்சுது அண்ணி. பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியல."

"சொல்லாதே."

வாசல் பக்கமிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார். "வேன்காரர் லைன்ல இருக்கார். ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கறார்."

வேண்டாம் என்று சொல்லத்தான் பெரிய டீச்சர் வாயெடுத்தாள். ஆனால் அதைச் சொல்லத் தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கேட்கவில்லை, வழிந்துகொண்டிருந்தது.

சின்னவள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வர வேணாம்னு சொல்லுண்ணே," என்றாள். கருகின முட்டையை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அண்ணியின் தட்டில் வைத்தாள்.

"கருக்கினது நீங்க, இதையும் நீங்கதான் தின்னணும்," என்றாள்.